கண்ணாடியைப் பார்த்துச் சொன்னது

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பன்னிரண்டாவது நாள். விசாரணை முடியும்வரை விமானத்தில் ஏறக் கூடாதாம், வீட்டில் இருக்க வேண்டுமாம். பிள்ளையார்பாளையத்தில் ஒருத்தி சும்மா வீட்டில் இருப்பது நாலு தெருவுக்கும் செய்தி. பால் வாங்கப் போனபோது பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள், "இன்னாமா சத்யா, லீவா?" என்றார். "ஆமாங்க" என்றேன். சேற்றில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நிற்கும் எங்கள் விமானத்தின் படம் ஊர் முழுக்க செல்போனில் சுற்றுகிறது. அவருக்கு மட்டும் வராமலா இருக்கும்?

இரண்டு இட்லி சாப்பிட்டேன். அம்மா மூன்றாவது வைத்தாள், அதையும் சாப்பிட்டேன். ருசி தெரியவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

நடந்ததை எழுதிப் பார்க்கச் சொன்னார் கம்பெனி டாக்டர். சரி, எழுதுகிறேன்.

மழை. பின்னாலிருந்து காற்று. ஓட்டியவர் கேப்டன் பிரேம்நாத். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துச் சொல்ல வேண்டிய துணை விமானி நான். தரையிலிருந்து ஆயிரம் அடியில் வேகமும் உயரமும் சரியாக இல்லையென்றால் "கோ அரவுண்ட்" என்று சொல்ல வேண்டும். இறங்காமல் மேலே ஏறி, சுற்றி வந்து மறுபடி இறங்குவது. இருவரில் யார் சொன்னாலும் ஓட்டுபவர் மறுபேச்சில்லாமல் ஏற வேண்டும்.

வேகம் இருபது நாட் அதிகம். நான் அதைச் சொல்லவில்லை.

பாதி ஓடுதளம் தாண்டித்தான் தரையைத் தொட்டோம். தொட்டோம் என்ன, விழுந்தோம். பிறகு சேறு. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். கடைசி இருக்கையில் இருந்த பணிப்பெண் கிரேஸுக்கு முதுகெலும்பு முறிந்தது.

ஆகஸ்ட் 15

பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்கள். மைக் சத்தத்திலேயே தூங்கினேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மாமா வந்திருந்தார். மாமா என்றால் கேப்டன் பிரேம்நாத்தான். ரத்த உறவில்லை, தென்னேரிக்காரர், அப்பாவோடு படித்தவர். பத்தாம் வகுப்பில் நான் பைலட் ஆகணும் என்றபோது தெருவே சிரித்தது. அவர் ஒருவர்தான் விண்ணப்பப் படிவம் வாங்கிக்கொண்டு வந்தார்.

விபத்தன்று காக்பிட்டில் "குட் மார்னிங் சார்" என்றேன். "இன்னாமா சாரு? இங்க யாரு இருக்கா, மாமான்னே கூப்டு" என்றார். கூப்பிட்டேன். எல்லாம் அங்கேயே ஆரம்பித்துவிட்டதென்று இப்போது நினைக்கிறேன்.

தட்டில் பழம், பூ வைத்துத்தான் கொண்டுவந்திருந்தார். காபி குடித்துவிட்டு, "டேட்டாவுல வேகம் தெரிஞ்சிடும், அத ஒண்ணும் பண்ண முடியாது. நாம பேசிக்கினது மட்டும் யாருக்கும் தெரியாது. நீ ஸ்பீடுன்னு சொன்னே, நான் கரெக்டிங், சரி பண்றேன்னேன், காத்து வுடல. அப்டித்தானம்மா? ரெண்டு பேரும் அதையே சொல்லிடுவோம்" என்றார்.

யாருக்கும் தெரியாதுதான். காக்பிட் பேச்சைப் பதியும் கருவி இரண்டு மணி நேரம்தான் வைத்திருக்கும்; அதற்குப்பின் பழையதன்மேலேயே புதியது பதியும். இறங்கியதும் அதை நிறுத்தியிருக்க வேண்டியது கேப்டன். மறந்துவிட்டாராம். மறந்தாரா? எனக்கும்தான் ஞாபகம் வரவில்லை.

அப்பா தறியைவிட்டு எழுந்து வந்து, "மாமா சொல்றாரில்ல?" என்றார். நான் தலையாட்டினேன். சரி என்றா, கேட்டுக்கொண்டேன் என்றா? எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 18, திங்கள்

உண்மையில் நான் என்ன சொன்னேன்?

எங்கள் வீட்டில் பெரியவர்களின் தப்பை முகத்துக்கு நேரே சொல்கிற வழக்கம் கிடையாது. சுவரிடம் சொல்வோம். அப்பா சாப்பிட வரவில்லையென்றால் அம்மா சுவரைப் பார்த்து, "சோறு ஆறுது" என்பாள். பார்டர் கோணலாகப் போனால் தறியைப் பார்த்து, "எங்கியோ இழுக்குது போல" என்பாள். அப்பா காதில் வாங்கிக்கொண்டு, தானே கண்டுபிடித்த மாதிரி சரிசெய்வார். இருபத்தைந்து வருஷமாக அது நன்றாகத்தான் ஓடுகிறது.

நான் முன்கண்ணாடியைப் பார்த்து, "ரன்வே வேகமா வருது போல" என்றேன்.

மாமா "ம்" என்றார்.

அவ்வளவுதான். நூற்று அறுபது பேரை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

சென்னைக்குப் போய் கிரேஸைப் பார்த்தேன். இடுப்பிலிருந்து நெஞ்சுவரை பெல்ட். திரும்பிப் படுக்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது.

"மேடம், உங்களுக்கு மேலயே தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

கண்ணை மூடிக்கொண்டாள். திட்டியிருக்கலாம். சாத்துக்குடி உரித்துக் கையில் வைத்தேன். அது அப்படியே இருந்தது. பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் இரண்டு தரம் டிக்கெட் கேட்டாராம்.

செப்டம்பர் 3, புதன்

விசாரணை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர்.

"ஆயிரம் அடியில் என்ன சொன்னீர்கள்?"

சொன்னேன். தமிழா என்று கேட்டு, ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார்கள். சொன்னபோது, வானிலை பற்றி யாரோ பொழுதுபோக்காகப் பேசியது போல இருந்தது.

"யாரைப் பார்த்துச் சொன்னீர்கள்?"

"கண்ணாடியைப் பார்த்து."

எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார்.

கேப்டன் 'கரெக்டிங்' என்று பதில் சொன்னாரா என்றார்கள். இல்லை என்றேன். கோ அரவுண்ட் சொல்வது என் வேலை, சொல்லாதது என் தப்பு என்றும் சொன்னேன். மாமாவைக் கொன்றுபோட்டுவிட்டு வந்தவள் போலத்தான் வெளியே வந்தேன்.

செப்டம்பர் 4

அப்பா: "வாழ வச்ச மனுசன் தலையில கல்லத் தூக்கிப் போட்டுட்டியேடி."

அம்மா, சுவரிடம்: "அந்தப் பொண்ணு படுத்த படுக்கையா கெடக்குது. அத யாரும் கேக்கக் காணோம்."

அப்பா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். வெட்கம் கெட்ட வயிறு.

நவம்பர் 27, வியாழன்

உத்தரவு வந்தது. எனக்கு விபத்து நாளிலிருந்து கணக்கிட்டு ஆறு மாதத் தடை, பிறகு மறுபயிற்சி, மறுதேர்வு. மாமா இனிக் கேப்டன் இல்லை. வேலையே வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாராம். அடுத்த வாரம் தென்னேரியில் அவர் மகள் கல்யாணம். எங்கள் தெருவில் ஏழு வீட்டுக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு இல்லை. அப்பா வெளுத்த வேட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார்.

மார்ச் 9, திங்கள்

மறுபடி வேலையில் சேர்ந்து நான்காவது நாள். மத்தியானம் சென்னையில் இறங்கும்போது ஆயிரம் அடியில் வேகம் பதினைந்து நாட் அதிகம். "கோ அரவுண்ட்" என்றேன். கத்தினேன் போலிருக்கிறது. கேப்டன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை, ஏறினார். சுற்றி வந்து இறங்கினோம். "குட் கால்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். இவ்வளவுதானா? ஒரு விநாடி வேலை. இதற்காகவா கிரேஸ் இன்னும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள்?

பயணிகள் இறங்கும்போது காக்பிட் வாசலில் நின்றேன். அறுபது வயதிருக்கும் ஒருவர் என் சட்டைத் தோளில் இருந்த விமானிப் பட்டைகளைப் பார்த்துவிட்டு நின்றார். "இன்னாமா நீங்க, எறக்க வந்து மறுபடி ஏத்திக்கினு போறீங்க? இருவது நிமிசம் லேட்டு. என் வேலூர் பஸ்ஸு பூடுச்சி" என்றார்.

"மன்னிச்சிக்கோங்க சார்" என்றேன்.

பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, திட்டிக்கொண்டே படியிறங்கி, விடுவிடுவென்று நடந்து போனார். கீழே நின்ற ஏர்போர்ட் பஸ்ஸில் அவர் ஏறும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.