எண்ணெய் விலக்கியவன் கண்

தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டவளுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தி சாய்ந்தால் மட்டும் கண் மங்குகிறது. நேற்று முன்தினம் நம் வாசற்படியே தெரியாமல் விழுந்தேன். நானே எழுந்துகொண்டேன்.

கண் டாக்டரிடம், ஆரோக்கியப் புத்தகம் ஒன்றைப் படித்து இருபது வருடமாக எண்ணெயை விலக்கியவன் நான், தினமும் கேரட்டை அவித்துத் தின்கிறேன் என்று சொன்னேன்.

"கொழுப்பு சேராம கேரட்டுல இருக்கிற வைட்டமின் ஏ உடம்புல ஒட்டாது ஐயா. ஈரல்ல இருந்த சேமிப்பும் தீர்ந்துபோச்சு. இருபது வருஷமா எண்ணெயே இல்லைன்னா உங்க கண்ணு எப்பவோ மங்கியிருக்கணுமே. சமைச்சது யாரு?" என்று சிரித்தார்.

நீ கோபித்துக்கொண்டு போய் இரண்டு வருடம் ஆகிறது. அதுவரை எனக்குத் தெரியாமல் சமையலில் எண்ணெய் ஊற்றியிருக்கிறாய். வந்தவர்களிடமெல்லாம் "எண்ணெயே இல்லாம எவ்வளவு ருசி பாருங்க" என்று நான் பீற்றிக்கொண்டபோது நீ வாயைத் திறக்கவில்லை. இந்த ஏமாற்று வேலையை நான் மன்னிக்கப்போவதில்லை.

எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன். எவ்வளவு ஊற்றினாய் என்று எழுத வேண்டாம். எழுதினால் நம்ப மாட்டேன். நேரில் வந்து ஊற்றிக் காட்டு.

இந்த வீட்டில் இன்னும் இருப்பவன்