இரண்டாவது தேங்காய்

கூடுவாஞ்சேரி
20.2.2007

அன்பு மகள் சஹானாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் முட்டி வலி போக மற்றபடி சௌக்கியம். நீ, மாப்பிள்ளை, உன் வயிற்றில் இருக்கும் என் தங்கம் மூவரும் அந்த அரிசோனாவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு அப்படியில்லை இப்படியில்லை என்று கதையை மாற்றிவிடுவார், அதனால் அவர் ரேஷன் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

ஆனி மாசம் உன் பிரசவத்துக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எத்தனை நாளாகத் தவிக்கிறேன் என்று உனக்குத் தெரியும். என்னைத் தனியாக அனுப்ப அவருக்கு மனசில்லை, கூட வரத் தைரியமில்லை. திருக்கழுக்குன்றத்தில்கூட மலை ஏறாமல் அடிவாரத்திலேயே கற்பூரம் ஏற்றிவிட்டுத் திரும்புகிற மனுஷன், விமானத்தில் எப்படி ஏறுவார்? நீங்கள் இருவரும் அந்த ஊர்ப் பள்ளத்தாக்கு ஓரத்தில் நிற்கிற போட்டோவை நான் டிவி மேல் வைத்தால், அவர் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார், பார்த்தாலே உள்ளங்கால் கூசுகிறதாம்.

இப்போது நடந்ததைக் கேள். நம் குடியிருப்புச் சங்கத்து ஞானதாஸ் சார் கடப்பா பக்கம் கண்டிகோட்டாவுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்தார். பள்ளத்தாக்கு, கோட்டை, வழிகாட்டி எல்லாம் நோட்டீசில் தெளிவாகத்தான் போட்டிருந்தது, உன் அப்பா முழுசாகப் படித்தால்தானே. வேன், ஆந்திரா, திருப்பதி வழி என்றதும் அது கோயில் டூர்தான் என்று முடிவு கட்டிவிட்டார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் நமக்காகக் கோயில் டூர் போடுகிறாரே, என்ன மனசு என்று மெச்சிக்கொண்டே உன் பேருக்கு அர்ச்சனை செய்ய இரண்டு தேங்காய், வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் வாங்கி வந்துவிட்டார். நான் வாயே திறக்கவில்லை. திறந்தால் வருவாரா?

மற்றவர்கள் தொப்பியும் கூலிங்கிளாசுமாக வர, இவர் பட்டு வேட்டியில், கையில் தாம்பாளப் பையோடு. அர்ச்சனை முடியாமல் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது என்று வேனில் வந்த புளியோதரையைக்கூடத் தொடவில்லை. அங்கே போனால் கரடும் கள்ளியும் செம்பாறையும்தான். ஓபுலேசு என்று ஒரு வழிகாட்டி, பாதி தெலுங்கு பாதி தமிழ், கோட்டையைச் சுற்றிக் காட்டினான். கோபுரத்தைப் பார்த்ததும் உன் அப்பா எல்லாரையும் முந்திக்கொண்டு உள்ளே ஓடினார். கருவறையில் சாமியே இல்லையடி, வௌவால்தான் இருந்தது. அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து காட்சி முனை. பூமி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் சிவப்புப் பாறை அடுக்கு அடுக்காக இறங்குகிறது, அடியில் பெண்ணாறு பச்சையாக ஓடுகிறது. நான் ஓரம் வரை போய் எட்டி எட்டிப் பார்த்தேன். உன் அப்பா தூரத்தில் ஒரு பாறையைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். பசியில் கண் வேறு சொருகுகிறது. ஓபுலேசுதான் வழி சொன்னான், கீழே ஓடுகிறதும் கங்கம்மாதான், தேங்காய்த் தண்ணீர் ஆற்றுப் பக்கம் விழுகிற மாதிரி ஓரத்தில் உடையுங்கள் என்று. பசியா, பக்தியா, நீயா, எது தள்ளியதோ, பட்டு வேட்டியோடு உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனார், ஒரு கை ஓபுலேசு துண்டில், ஒரு கை என் முந்தானையில். உன் பேரும் நட்சத்திரமும் சொல்லி, சுகப் பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டி, பாறையில் ஒரே போடு. காய்க்குள்ளே பூ இருந்தது சஹானா, வெள்ளை வெளேரென்று பூ. அவ்வளவுதான், மனுஷன் தன்னை மறந்து எழுந்து நின்று, பூவைத் தூக்கிக் காட்டி, பேரப் பிள்ளை பேரப் பிள்ளை என்று வேன் ஜனத்தையே கூப்பிட்டார். அப்புறம்தான் காலுக்குக் கீழே பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு, “இன்னாம்மே, இதுக்கா இத்தினி நாளு பயந்துகினு கெடந்தேன்” என்றார். அடுத்த இரண்டு காட்சி முனைக்கும் ஓபுலேசுக்கு முன்னால் நடந்தது உன் அப்பாதான். வேனில் மூன்று பேர் தயிர்சாதத்தைத் தின்று தீர்த்ததும் அவர்தான்.

இரண்டாவது காயையும் உடைத்துவிடலாம் என்று கை வைத்தேன், பிடுங்கிக்கொண்டார். “இது பொண்ணு ஊரு பள்ளத்தாண்ட ஒடைக்கிறதுக்கு, கொயந்தைய நீ வச்சிகினு நில்லு, நான் ஒடைக்கிறேன்” என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. நேற்று பாஸ்போர்ட்டுக்கு மனு கொடுத்தாயிற்று, போட்டோவில் சிரித்துத் தொலைத்து இரண்டாம் தடவை எடுத்தோம். உங்கள் படம் இப்போது டிவி மேல் நேராகப் பார்க்கிறது.

நீ கனமானது எதையும் தூக்காதே. வெந்நீரில் குளி. மாப்பிள்ளை சமைத்தால் குறை சொல்லாமல் சாப்பிடு. தாயும் சேயுமாக நூறு வருஷம் வாழ உங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா,
விஜயகுமாரி

மறந்துவிடாதே: விமானத்தில் தேங்காய் கொண்டுவர விடுவார்களா என்று மாப்பிள்ளையை விசாரிக்கச் சொல். குடுமியோடு பூஜை அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. விட மாட்டார்கள் என்றால் எனக்கு மட்டும் சொல், அவரை ஏற்றி உட்கார வைத்த பிறகு நான் சொல்லிக்கொள்கிறேன்.