வெள்ளம் வராத வருசம்

சேசு மரி சூசை துணை

தீர்த்தமலை,
9.3.1986

எழுத்தாளர் முனிராஜ் தம்பிக்கு, சவரிமுத்து சொல்லி எழுதுவது.

இங்கே சுகம். உன் சுகத்துக்கு எழுது. நீ எழுதிய 'சுவரில் ஒரு தேதி' கதை, இரண்டு பாகமும் படிக்கச் சொல்லிக் கேட்டு முடித்தேன். கடைசிப் பக்கத்தில் வாசகர் கருத்து கேட்டிருக்கிறாயாம். சொல்கிறேன்.

முதல் பாகம் நன்றாக இருந்தது. மலேரியாவுக்கு மருந்தடிக்க வந்தவன், தான் சுவரில் எழுதிவிட்டுப் போன தேதியைத் தொட்டால் அந்த நாளுக்கே போய்விடுகிறான். அங்கே மரகதத்தைக் காதலிக்கிறான். சரி, கதைதானே. இரண்டாம் பாகத்தில்தான் தப்பு. மரகதம் இடது இடுப்பில் வைக்கும் குடம் வலது இடுப்புக்கு எப்படிப் போனது? பத்தாம் தேதி பௌர்ணமி என்றால் பதினைந்தாம் தேதி சாயங்காலம் ஏது நிலா?

பெரிய தப்பு வெள்ளம். அவன் போட்ட கடிதங்களைத் தபால்பையோடு வெள்ளம் அடித்துப் போனதால் மரகதத்துக்குச் சேரவில்லை என்கிறாய். அறுபத்து மூன்றில் இங்கே மழையே இல்லை. ஆட்டுக்குத் தழை கிடைக்கவில்லை. உன் பதினோரு கடிதமும் வந்தது. நான்தான் வாங்கினேன். எழுத்து தெரியாவிட்டால் என்ன? நீ மருந்தடிக்க வந்து எங்கள் வூட்டுச் சுவரில் தேதி எழுதும்போது ஏழு போட்டு அதன் இடுப்பில் ஒரு கோடு கிழித்தாயே, அதே ஏழு உறைமேல் கதவு எண்ணிலும் இருந்தது. எல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போனது. என் பெண்ணின் அம்மா செத்து அப்போது ஆறு மாசம். இவளும் உன்னோடு வந்துவிட்டால் எனக்குக் களி கிண்ட யார்?

இதை எழுதுகிறவள் அந்த ஞானமேரிதான், உன் கதையில் மரகதம். இந்த இடத்தில் கை நின்றுவிட்டது. "ஏன் நிக்கற? தப்புன்னா சொல்லித்தான் ஆவோணும். எழுதுடி" என்றேன். எழுதுகிறாள். கட்டிக்கொடுக்கவில்லை. வயசு நாற்பத்தைந்து. முன்பல் இரண்டு இல்லை. மரகதத்துக்கு முத்துப்பல் என்று அவளே படிக்கும்போது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மூன்றாம் பாகம் எழுதினால் சரியாக எழுது.

இப்படிக்கு,
சவரிமுத்து
(இடது பெருவிரல் ரேகை)

சேலம்,
17.3.1986

பெரியவருக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. பதில் வராததால் அவளுக்கு என்மேல் விருப்பமில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இரண்டு புத்தகமும் அந்த நினைப்பில் எழுதியவை. உங்களைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

உங்களுக்குப் படிக்கிறவள் அவள்தான் என்பதால் இங்கேயே சொல்கிறேன். ஞானம், என் மனைவி இறந்து நாலு வருடமாகிறது. வருகிற ஞாயிறு காலை வருகிறேன். வேண்டாமென்றால் ஒரு வரி எழுது, போதும்.

அன்புடன்,
முனிராஜ்

தீர்த்தமலை,
20.3.1986

திரு. முனிராஜ் அவர்களுக்கு, ஞானமேரி எழுதுவது. இது யாரும் சொல்லி எழுதுவதல்ல.

வர வேண்டாம். நீங்கள் கேட்ட ஒரு வரி அதுதான்.

வாசகர் கருத்து என்னிடமும் ஒன்று இருக்கிறது. உங்கள் கதைக்காரன் சுவரைத் தொட்டு இருபத்து மூன்று வருசம் பின்னால் வருகிறான். சேலத்திலிருந்து எங்கள் பக்கத்து ஊர் அரூருக்கு அப்போதும் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ் இருந்தது. பதினோரு கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டியவனுக்கு ஒரு டிக்கெட் எடுக்கத் தோன்றவில்லை. அப்பா செய்தது எனக்குப் போன வாரம்தான் தெரியும். நீங்கள் வரவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். இதை எந்தப் பாகத்திலும் நீங்கள் எழுதவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் பிரித்து, மனசுக்குள் படித்துவிட்டு, அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் கேட்கிறார். "என்னடி எழுதியிருக்கான்? திட்டறானா? குடம் எந்த இடுப்புன்னு சொன்னானா? படிடி ஆத்தா, படிடி."

எனக்குப் படிக்கத் தெரியாதுங்கப்பா என்று சொல்லிவிட்டேன்.

ஞானமேரி