கல் வீட்டின் நடு அறை

ஓவர்சியர் சார்,

பக்கத்து மனையில் கருங்கல் உடைக்கிறார்கள். அந்தப் பொடி மூக்கில் ஏறியதும் தும்மலோடு உங்கள் நினைப்பும் வந்துவிட்டது. நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

பேரிடர்ப் பயிற்சிக்கு ஏரியூரில் நம் இருவரையும் உட்கார வைத்தார்கள். கட்டடம் தெரிந்தவர் என்று உங்களை, அறிவியல் வாத்தியார் என்று என்னை. வெள்ளம், தீ எல்லாம் முடிந்து கடைசிப் பாடம் அணுக்கதிர்த் தூசி. "நம்மூரு மேல எவன் சார் குண்டு போடப் போறான்?" என்று சிரித்தேன். "எங்கயோ போடுவான், தூசி காத்துல வரும். எழுதுங்க வாத்தியாரே" என்றீர்கள்.

பிறகு ஒதுங்க உகந்த இடங்களைப் பட்டியல் எடுக்க நம் ஊரில் டேப்பும் கையுமாக வீடு வீடாக அலைந்தோம். தூசி கூரையிலும் தரையிலும் படியும். அதன் கதிரிலிருந்து காப்பது சுவரின் கனமும், தூசிக்கும் நமக்கும் உள்ள தூரமும். அதனால் புதுக் கல்யாண மண்டபத்தைத் தகரக் கூரை என்று அடித்துவிட்டீர்கள். அதைக் கட்டிய ஊராட்சித் தலைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். எங்கள் காலனியில் எல்லாம் சிமெண்ட் ஷீட், ஒரு வீடும் தேறவில்லை. ஊரிலேயே முதலிடம் உங்கள் வீட்டுக்குத்தான். தடித்த கருங்கல் சுவர், மேலே கல் பலகை, சுற்றிலும் அறைகள் சூழ்ந்த நடு அறை. காலனிக்காரர்கள் ஒதுங்கும் இடம் என்று அதையே எழுதினீர்கள். எனக்குச் சந்தோஷம், கூடவே சங்கடம். அத்தனை வருடப் பழக்கத்தில் அந்த வாசலைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை.

ஒத்திகை அன்று மைக்கில் கூப்பிட்டதும் ஓடி வந்தோம். வந்து, வழக்கம்போல வாசலில் நின்றுவிட்டோம். தலைக்கு மேல் கூரையில்லாத, தூசி நேராக வந்து விழும் இடம். மைக் கட்டிய ஜீப்பிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள்.

"உள்ள போங்கன்னுதானங்க சொன்னேன்? வாத்தியாரே, உங்களுக்குமா தெரியல?"

கதவருகே இருந்த உங்கள் அண்ணன் நிதானமாகச் சொன்னார். "ஒத்திகைதானடா. வூட்டுக்குள்ள எதுக்கு? வாசல்லயே நிக்கட்டும்."

நீங்கள் சண்டை போடவில்லை. முகம் மட்டும் சிவந்தது. ஒத்திகை முடியும்வரை எங்களோடு வாசலில் நின்றீர்கள். பிறகு ஜீப்பின் மேல் பட்டியலை வைத்து, உங்கள் வீட்டுக்கு நேரே எழுதினீர்கள்: சுவர் நன்று. கூரை நன்று. ஒதுங்க உகந்ததல்ல.

அதற்குப் பிறகு உங்கள் அண்ணன் கடைசிவரை உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்மேல் எனக்கிருந்த கோபம் ஆறிவிட்டது சார். எந்தச் சுவர் எவ்வளவு தடுக்கும் என்று கணக்குப் போட்டவன் நான். யாரும் சொல்லாமலே என் கால் வாசலில் நின்றது. என்மேல் இருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை.