சுவிட்சை மறைத்த பீரோ

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அப்படியே இருக்கிறாய் என்று எழுதிவிட்டு மேலே போவதுதான் என் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை, நீ எப்படி இருக்கிறாய் என்று நிஜமாகவே கேட்கிறேன். இதை உன்னிடம் கொடுப்பவர் டிப்போவின் மகன், லீவு முடிந்து விமானத்தில் அங்கே திரும்புகிறார். டிப்போ யார் என்று உனக்குத் தெரியும், பஸ் டிப்போவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு பொம்மை ரயில் ஓட்டுகிற ஆள்தான். நீ மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையில் இருக்கும்போது மட்டும் கொடு, வீட்டுப் பக்கம் போகாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். கவுண்டரில் நின்று படிக்காதே, லென்ஸ் தேய்க்கிற பின் அறைக்குப் போய் உட்கார்ந்து முழுக்கப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் வீட்டுக்காரர் சனிக்கிழமை சாயங்காலம் அங்கே வந்து இறங்குகிறார், அவர் வரும்போது நீ அந்த வீட்டில் இருக்கக் கூடாது. தப்பு என்னுடையது, அதனால் நடந்ததை நான்தான் சொல்லியாக வேண்டும்.

ரயில் பெட்டிப் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் உள்பக்கப் பலகை அடித்தவன், ஓய்வு பெற்றதும் சும்மா உட்கார முடியாமல் ஒன்றன்மேல் ஒன்றை அழுத்திப் பொருத்துகிற பொம்மைக் கட்டைகளை வாங்கி ஊர் கட்ட ஆரம்பித்த கதை உனக்குத் தெரிந்ததுதான். உன் அறை முழுக்க இப்போது ஊர்தான், நாலு மேசை சேர்த்துப் போட்டு அதன்மேல் ஸ்டேஷன், மணிக்கூண்டு, மார்க்கெட், இரண்டு தண்டவாளம். உன் அம்மா என்னை மேயர் என்றுதான் கூப்பிடுகிறாள், மேயருக்குச் சாப்பாடு ரெடி, வந்து கொட்டிக்கிறீங்களா என்பாள். விளையாட்டு என்று பெயர்தானே தவிர என் குணம் அதிலும் போகவில்லை. போன மாதம் லெவல் கிராசிங் கேட்டை எந்தப் பக்கம் வைப்பது என்று பேச்சு முற்றி டிப்போவின் சட்டையைப் பிடித்துவிட்டேன், இரண்டு பொத்தான் தெறித்தது. அறுபத்திமூணு வயசுல பொம்மைக்கு அடிச்சுக்கிட்டு செத்தோம்னா நம்மள பேப்பர்ல போடுவான்யா, மானம் போயிடும் என்றார் டிப்போ. அவர் சிரித்தார், நானும் சிரித்துக்கொண்டே குனிந்து பொத்தான்களைப் பொறுக்கினேன்.

உங்க ஊர்ல என் வீட்டையும் வைங்கப்பா என்று நீ ஒருநாள் போனில் சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. இரண்டு வருஷமாக என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத பெண் அப்படிக் கேட்டதும் நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நீ ஒவ்வொரு சுவராகப் படம் எடுத்து அனுப்பினாய், அளவு தெரிவதற்காகச் சுவரோரமாக ஸ்கேல் ஒன்றை நிறுத்தி வைத்து எடுத்திருந்தாய், அந்தப் புத்தி என்னிடமிருந்து வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். கட்டைகளின் மேல் குமிழ் குமிழாக இருக்குமே, அதை எண்ணித்தான் நாங்கள் அளவு பார்ப்போம், உன் வீட்டுத் தரைக்கல் ஒன்றுக்கு நாலு குமிழ் என்று வைத்து ஹாலையும் சமையலறையையும் முடித்துவிட்டேன். படுக்கையறைக்கு மட்டும் படம் தெளிவாக இல்லை என்று மறுபடி கேட்டபோது, நீ அனுப்பவில்லை, மாப்பிள்ளை தன் போனிலிருந்து அனுப்பினார். அதில்தான் அந்தப் பீரோ வந்தது. நீ முதலில் அனுப்பிய படத்தில் கதவை ஒட்டி சுவிட்ச் போர்டும் வெறும் சுவரும்தான் இருந்தன, இப்போது அதே இடத்தில் பீரோ நிற்கிறது. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் பதினாலு குமிழ், பீரோ பத்துக் குமிழ். நான் எண்ணியது தப்பு என்று மூன்று தடவை பிரித்துக் கட்டினேன், மூன்று தடவையும் சுவிட்ச் பீரோவுக்குப் பின்னால் போனது. ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தால் போர்டு தப்பித்துவிடும், நாலு குமிழ் இடம் அங்கே சும்மா கிடக்கிறது, ஆனாலும் தள்ளி வைக்கவில்லை. விளக்கு சுவிட்சை மறைத்து யாராவது பீரோ வைப்பார்களா? வைப்பார்கள். ஏன் வைப்பார்கள் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் இருக்க முடியாது.

உனக்கும் தெரியும். நாம் முதலில் இருந்த வாடகை வீட்டில் உன் அம்மாவின் தையல் அலமாரி எங்கே நின்றது என்று நினைத்துப் பார். அதன் பின்னால் கைவிட்டுத்தான் விளக்குப் போட வேண்டும், பெரியவர்கள் கை போகாது, நீ இரண்டாம் வகுப்பு, உன் கைதான் போகும், பொழுது சாய்ந்ததும் உன்னைக் கூப்பிட்டு விளக்குப் போடச் சொல்வோம். சுவரில் ஈரம் இறங்குகிறது, அதை மறைக்கத்தான் அலமாரி என்று உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். ஈரமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஓட்டைதான் இருந்தது. பலகை மட்டம் பார்க்கிற என் ரசமட்டத்தைக் கேட்காமல் உன் அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாள் என்பதற்காக நான் ஓங்கிய கை அது. அவள் குனிந்துகொண்டாள், பலகைச் சுவர், முழங்கைவரை உள்ளே போனது. சுவரைக் குத்தினேன் என்றுதான் இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைத்தான் குத்தினேன், முகம் அங்கே இல்லை, அவ்வளவுதான். மற்ற நாட்களில் இருந்தது. உனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது சத்தம் போட்டுப் பேசாத பையனாகத் தேடித் தேடிப் பார்த்தேன், நம் வீட்டுக் கூச்சல் உனக்கு வேண்டாம் என்று. சத்தத்தைத்தான் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

பீரோவைக் கண்டுபிடித்த பிறகு உன்னை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. போனில் எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கிறார். கேட்டால், நீங்களா கேக்கறீங்க என்று நீ சொல்லிவிடுவாயோ என்ற பயமும் இருந்தது. அதனால் ஒரு கோழை செய்கிற வேலையைச் செய்தேன். என் ஊரில் உன் வீட்டுப் பீரோவை நாலு குமிழ் நகர்த்தி வைத்துவிட்டு, சுவிட்சுக்குப் பக்கத்தில், உன் முகம் வருகிற உயரத்தில், சுவரிலிருந்து ஒரு கட்டையை உருவி எடுத்தேன். அப்படியே விட்டுவிட்டேன், தினமும் போய்ப் பார்ப்பேன்.

ஒரு வாரக் கம்பெனி வேலையாக இங்கே வந்த மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தார். எனக்கு ஒரு ரயில் இன்ஜின் பெட்டி வாங்கி வந்திருந்தார், உன் அம்மா டீ போட உள்ளே போனாள். ரயில் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது, ரொம்ப நல்லா இருக்கு மாமா, நம்ம வீடு எது என்று கேட்டுக்கொண்டே உன் வீட்டின் கூரையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, கோபமே இல்லாமல், கூட்டாளியிடம் பேசுகிற மாதிரி, இதெல்லாம் நடக்கறதுதானே மாமா, உங்களுக்குத் தெரியாததா, அவ எல்லாம் சொல்லியிருக்கா என்றார். சொல்லிவிட்டு மேசையில் கிடந்த கட்டை ஒன்றை எடுத்து அந்த ஓட்டையில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினார். டக்கென்று உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அழகுபடுத்தாமல் எழுதுகிறேன். பின்கழுத்தைப் பிடித்து அவன் முகத்தை என் ஊரின்மேல் அடித்தேன். மணிக்கூண்டு கன்னத்தில் ஏறியது. தூக்கி மறுபடி அடித்தேன், மேல்வரிசைப் பல் ஒன்று உடைந்து ஸ்டேஷன் முற்றத்தில் விழுந்தது, நெற்றியில் குமிழ்த் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. ரயிலை யார் நிறுத்துவது, அது பாட்டுக்கு வந்து அவன் காதில் முட்டிக் கவிழ்ந்தது. எத்தனை அடி என்று தெரியாது. அவன் முதல் அடிக்கே விழுந்துவிட்டான், நான்தான் நிறுத்தவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் கண்ணு, அது எனக்கு இனித்தது. நீ கல்யாணமாகிப் போன நாளிலிருந்து கட்டிப்போட்டு வைத்திருந்த கை, மகளுக்காக அடிக்கிறேன் என்று நல்ல பெயர் கிடைத்ததும் அவிழ்ந்துகொண்டது. உன் அம்மா டீத் தட்டோடு வாசலில் வந்து நின்றாள், பார்த்தாள், தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். சமையலறைத் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் கை நின்றது.

அவன் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு எழுந்தான். கேட்டருகே நின்று, இதுக்கு நான் இங்க பதில் சொல்ல மாட்டேன், அங்க போய்ச் சொல்லிக்கறேன் என்றான். புரிகிறதா, நான் கொடுத்த அடியை உன்னிடம் திருப்பிக் கொடுக்கத்தான் கொண்டுவருகிறான். அன்றைக்கே உன் போன் எண் நின்றுவிட்டது, அது அவன் பெயரில் வாங்கியதுதானே. திங்கட்கிழமை உன் கடைக்குப் போன் போட்டேன், உனக்கு நாலு நாள் லீவு, வெள்ளிக்கிழமைதான் வருவாய் என்று முதலாளி சொன்னார், அவர் அவனுக்குச் சிநேகிதர் என்பதால் மேலே எதுவும் பேசாமல் வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

அவன் போன பிறகு நான் சமையலறைக் கதவருகே போய், எல்லாம் முடிஞ்சுது, அவன் போயிட்டான், தெறம்மா என்றேன். உள்ளேயிருந்து, அவன் போயிட்டான்னு தெரியும், நீங்க இருக்கீங்கல்ல என்றாள். மகளை அடித்தவனை அடித்த வீரன் என்று அந்த நிமிஷம்வரை என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கதவுக்குப் பின்னால் முப்பத்தெட்டு வருஷமாக யாருக்குப் பயந்து நின்றாளோ, ஞாயிற்றுக்கிழமையும் அதே ஆளுக்குப் பயந்துதான் நின்றாள். சாயங்காலம்வரை கதவு திறக்கவில்லை, நானும் வெளியே தரையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், இது உன் அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது, என் புத்தியை இதில் கலக்கவில்லை. கடையில் கண் பரிசோதிக்கிற அந்த அக்காவிடம் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல், வெட்கப்படாதே, வெட்கப்பட வேண்டியவர்கள் இரண்டு பேர் இருக்கிறோம். உன் சான்றிதழ்கள், அடையாள அட்டை, நாலு துணி, அவ்வளவு போதும், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு பகலிலேயே போய் எடுத்துக்கொண்டு, அவர்கள் வீட்டில் தங்கு. பீரோவை நகர்த்திச் சுவரைப் படம் எடுத்துக்கொள், பக்கத்தில் ஸ்கேல் வை. அங்கே காவல் நிலையத்தில் அதைக் காட்டு. என்மேல் அவன் புகார் கொடுத்தால் கொடுக்கட்டும், நானே நேற்று இங்குள்ள நிலையத்துக்குப் போய் இன்னாரை அடித்தேன், இன்ன காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன், கூப்பிட்டால் போவேன். அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமே என்று நினைத்து நீ ஒருபோதும் அவனிடம் இறங்கிப் போகாதே.

சனிக்கிழமை மத்தியானம் உன் அம்மா அங்கே வந்து இறங்குகிறாள். அவள் தனியாக விமானம் ஏறுவது இதுதான் முதல் தடவை, வெளியே வருகிற கதவருகிலேயே நில், பயந்துவிடுவாள். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேணாங்க, நீங்க வந்தா அவ ரெண்டு பேரைப் பார்த்துப் பயப்படணும் என்றாள். திரும்பி வருவதற்கு எந்தத் தேதியில் டிக்கெட் போடலாம் என்று கேட்டேன், துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, போட வேண்டாம் என்றாள். நான் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். நீயும் அவளைத் திரும்பிப் போகச் சொல்லாதே, அப்பா பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடாதே. எனக்குச் சோறு வடிக்கத் தெரியும், டிப்போ வந்து போவார்.

உன்னை ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை, நீ நன்றாக இருக்க வேண்டும், யார் காலடிச் சத்தத்துக்கும் பயப்படாத ஒரு வீடு உங்கள் இரண்டு பேருக்கும் கிடைக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. உன் அம்மாவுக்கு இடது காது கேட்காது, நீ வலது பக்கம் நின்று பேசு. சின்ன வயதில் காய்ச்சல் வந்ததில் காது போனது என்று உன்னிடமும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள், அங்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாலும் அதையேதான் சொல்வாள். காய்ச்சல் இல்லை. எப்படிப் போனது என்று டாக்டர் கேட்டால், அவளைச் சொல்ல விடாதே, நீ என்னைச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா