உன் ஸ்வெட்டர் பையில் வெல்லம்

எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்யும்போது உன் கணவர் உன் பழுப்பு ஸ்வெட்டரை என்னிடம் கொடுத்தார். துவைக்கப் போட எடுத்துப் பையைத் துழாவினேன். காகிதத்தில் மடித்த வெல்லத்துண்டு ஒன்று, கல்லாக இறுகிக் கிடந்தது. நீ போய்ச் சேர்ந்து ஐந்து மாதமாகிறது. முகர்ந்து பார்த்துவிட்டு வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தேயிலைக் கொழுந்து பறிக்கையில் உன் நிரையும் என் நிரையும் அடுத்தடுத்து. பத்து மணிக்குத் தேத்தண்ணி. சீனி போடாமல் ஊற்றி, வெல்லத்தைப் பல்லால் உடைத்துப் பாதியை என் உள்ளங்கையில் வைப்பாய். ஒரு கடி, ஒரு மிடறு. உங்கள் வீட்டார் இலங்கையிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது.

முதல் குழந்தையை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் நான். இரண்டாவதற்கு ஆறாம் மாதம், சர்க்கரை ஏறியிருக்கிறது என்றார் நர்சம்மா. அவர் சொன்ன பட்டியலில் நம் காதில் விழுந்தது ஒன்றுதான்: "டீல சர்க்கரையே போடக்கூடாதுங்க." நாம்தான் என்றைக்குமே போடுவதில்லையே என்று சிரித்துக்கொண்டே மலையேறினோம், இரண்டு கெட்டிக்காரிகளும். அடுத்த முறை அளவு இன்னும் கூடியிருந்தது. "வெல்லந்தானுங்க கடிச்சுக்கறேன்" என்றேன். நர்சம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "அதுவும் சர்க்கரைதாம்மா. இப்படியே ஏறுனா குழந்தைக்கு ஆபத்து."

திரும்பி வரும் வழியில் ஃபேக்டரி வளைவில் நின்று, "நாந்தானேடி உன் கையில வச்சேன்" என்று அழுதாய்.

மறுநாளிலிருந்து உன் பையிலும் வெல்லம் இல்லை. உனக்கு எதற்கு இந்தப் பத்தியம் என்று கேட்டேன். "நான் மென்னா நீ பாப்ப. புள்ள பொறக்கட்டும்" என்றாய். வெறும் தேத்தண்ணியை நீ முகம் சுளித்துக் குடிப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சாப்பிட்டதும் படுக்கவிடாமல் மூடுபனியில் லைனைச் சுற்றி நடக்கவைத்தாய். இன்சுலின் போடும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த நீ முதலில் கேட்டது, "அழுதாளா?" அழுதாள் என்றதும் ஸ்வெட்டர் பையிலிருந்து காகிதத்தைப் பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாய். நானும் கை நீட்டினேன். "உனக்கு இன்னும் டெஸ்ட் இருக்கு" என்று மடித்து உள்ளே வைத்துவிட்டாய்.

அந்த டெஸ்டுக்கு வருஷாவருஷம் என்னை இழுத்துப்போனதும் நீதான். இந்த வருஷம் தனியாகப் போனேன். சர்க்கரை இல்லையாம். அதை உன்னிடம் சொல்ல வேண்டும்போல் இருக்கிறது.

பத்து மணிக்குத் தேத்தண்ணி ஊற்றும்போது என் இடது கை இன்னும் தானாக விரிகிறது. உடனே மூட மனம் வருவதில்லை. தேத்தண்ணி ஆறும்வரை அப்படியே வைத்திருக்கிறேன்.