ரம்ஜான் பாட்டில்களும் ஐந்து நாள் ஏற்பும்

அன்பு மாறாத நஸீமா ஆபாவுக்கு,

"கமலா, இதைப் படிக்கிறேன்னு வாங்கி வெச்சிக்கிறவங்க நெஜமாவே படிப்பாங்களா?" என்று கேட்டீர்கள். ஆம்பூரில் உங்கள் கட்டிலருகே மடிக்கணினியை வைத்து, நம் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிய மாலை அது. முப்பது வருஷம் ஒரே கல்லூரியில், பக்கத்துப் பக்கத்து மேசையில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம். அன்றைக்கு, "மூணு மாசத்துல தெரிஞ்சிடும் ஆபா" என்று சமாளித்தேன்.

மூன்று மாதம் ஆறானது. இதழின் இணையப் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் 'மதிப்பாய்வில் உள்ளது', அதாவது துறை அறிந்த வேறு சிலர் படித்துப் பார்க்கிறார்கள் என்ற ஒரே வரி. "பதனிட டிரம்முல போட்ட தோலு ஷூவாகி வெளிநாட்டுக்கே போய்ட்டிருக்கும். நம்ம பேப்பர் இன்னும் ஊறுது" என்று கிண்டல் செய்தீர்கள். ஒன்பதாம் மாதம் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த வரி அப்படியே இருந்தது.

யார் மேசையில் கிடக்கிறது நம் கட்டுரை? மதிப்பாய்வாளர் பெயரை நமக்குச் சொல்ல மாட்டார்கள். நம் பெயர் அவருக்குத் தெரியும். தோல் பதனிடும் கழிவிலிருந்து பாலாற்றங்கரைக் கிணறுகளில் எவ்வளவு குரோமியம் இறங்கியிருக்கிறது என்று சொல்லும் கட்டுரை, தோல் முதலாளி ஒருவருக்கு ஆலோசனை சொல்கிறவரிடம் போயிருந்தால்? அவருக்கு என்ன அவசரம்?

உங்கள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வாரம், கேள்விப்பட்டிராத வேறோர் இதழ் மின்னஞ்சல் அனுப்பியது. 'பெருமதிப்பிற்குரிய பேராசிரியரே' என்று தொடங்கி, ஐந்தே நாளில் மதிப்பாய்வும் ஏற்பும் முடித்துத் தருவதாகச் சொன்னது. உங்கள் மகள் ஷபானா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, அங்கேர்ந்து வாபஸ் வாங்கி இங்க அனுப்பிடலாம். அம்மி பேரு அச்சுல வரணும், அவ்ளோதான். இன்னும் எவ்ளோ நாள் இந்த பேஜாரு?"

"ஷூ கம்பெனியில தரம் பார்க்கிறவ நீ. உன்கிட்ட வேலை செய்றவன் பெட்டியத் தொறக்காமலே ஒரு லாட்டை பாஸ் பண்ணா இன்னா செய்வ?"

"கேட்டுக்கு வெளிய நிக்க வெப்பேன்."

"அப்ப உக்காரு."

அந்த இதழில் வந்த கட்டுரை ஒன்றைத் திறந்தோம். முதல் பக்க அடியில், பெறப்பட்ட நாளுக்கும் ஏற்கப்பட்ட நாளுக்கும் இடையே நான்கு நாள். அதில் ஒரு ஞாயிறு. உள்ளே ஓர் அட்டவணையில், நச்சுள்ள ஒரு வகைக் குரோமியத்தின் அளவு, மொத்தக் குரோமியத்தின் அளவை விடக் கூடுதல். ஷபானாவுக்கு விளங்கச் சொன்னேன்: "கொடத்துல இருக்கிற தண்ணிய விட, அதுலேர்ந்து மொண்ட சொம்புல ஜாஸ்தி தண்ணி இருக்காம்."

சிரித்தாள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, "அம்மி பேரு இதுங்க பக்கத்துல வேணாம் ஆன்ட்டி" என்றாள்.

பதினோராம் மாதம் பழைய இதழிலிருந்து இரண்டு மதிப்பாய்வுகள் வந்தன. ஒன்று நான்கே வரி. நம்மைப் புகழ்ந்துவிட்டு, ஐந்து கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொன்னது. ஐந்தும் ஒரே ஆள் எழுதியவை. மதிப்பாய்வாளர் யாரென்று இனி ஒளிப்பானேன்?

மற்றது மூன்று பக்கம். அதில் ஒரு கேள்வி: 'ஆறு வருடமும் கோடையில் எடுத்த நீர் என்கிறீர்கள். அப்படியானால், இந்தத் திறந்த கிணறுகளில் நீரின் வெப்பநிலை வருடாவருடம் ஏன் இறங்குகிறது?'

குற்றம் கண்டுபிடிக்கவே கேட்கிறார் என்று முதலில் இவரையும் சந்தேகித்தேன். பிறகு நீங்கள் கிணற்று நீர் பிடித்து வைத்த பாட்டில்களின் சீட்டுகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் உங்கள் கையெழுத்தில் கிணற்றின் பெயர், 'ரம்ஜான்', எத்தனையாவது வருஷம்.

நோன்பு மாதத்தில் கல்லூரி சீக்கிரம் விடும். அப்போதுதான் நீங்கள் கிணறு கிணறாகப் போவீர்கள். முதல் வருஷ நோன்பு மே மாத வெயிலில் வந்தது. அதை மனதில் வைத்து, ஆறு வருஷத்துக்கும் 'கோடை, மே' என்று அட்டவணை போட்டவள் நான். பிறைக் கணக்கில் ரம்ஜான் வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வரும் என்பது, உங்கள் வீட்டு நோன்புக் கஞ்சியை இத்தனை வருஷம் குடித்த எனக்குத் தெரியாதா? தெரியும். எழுதும்போது தோன்றவில்லை.

ஆறாம் வருஷ நோன்பு மார்ச்சிலேயே வந்துவிட்டது. மே மாதத்தை விட மார்ச்சில் கிணற்றில் தண்ணீர் கூடுதலாக இருக்கும். குரோமியம் அதில் கலந்து கம்மியாகத் தெரியும். அந்த இறக்கத்தை நம்பி, 'மாசு வருடந்தோறும் குறைகிறது' என்று முடிவுரையில் எழுதிவிட்டேன். மருந்து மயக்கத்தில் நீங்கள் தலையாட்டினீர்கள்.

ஐந்து நாளில் அது அச்சாகியிருந்தால் என்னவாகியிருக்கும்? அந்தக் கிணறுகளில் மொண்டு குடிக்கிறவர்களிடம் யாராவது போய், "தண்ணி நல்லாயிட்டு வருது. ஆம்பூர் புரொபசரம்மாவே எழுதிட்டாங்க" என்று உங்கள் பெயரைக் காட்டியிருப்பார்கள்.

இப்போது ஷபானாவும் நானும் உங்கள் நோட்டையும் பழைய பள்ளிவாசல் காலண்டர்களையும் விரித்து, ஒவ்வொரு பாட்டிலுக்கும் சரியான தேதி போடுகிறோம். அந்த முடிவுரையை அடித்துவிட்டேன். தப்பு யாருடையது என்பதையும் பதில் கடிதத்தில் எழுதிவிட்டேன். அந்த ஐந்து கட்டுரைகளைச் சேர்க்கவில்லை. அவற்றில் ஒன்றுகூட நம் கிணறுகளைப் பற்றியதில்லை.

ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை, ஆபா. மூன்று பக்கம் எழுத ஒருவருக்குப் பதினொரு மாதம் ஆகுமா? மீதி நாளெல்லாம் கட்டுரை எங்கே கிடந்தது என்று பதிப்பாசிரியரைக் கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. வருகிறவரை கேட்பேன்.

இன்னும் எத்தனை மாதம் இழுத்தாலும், நீங்கள் எடுத்த நீர் எந்த மாதத்து நீரோ, அந்த மாதத்தின் பேரில்தான் அச்சில் வரும். உங்கள் பெயர் முதலில் இருக்கும். இது என் வாக்கு.

இதை உடன் படிக்கிறவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை யாராவது ஓர் ஆய்வுக் கட்டுரையை ஆதாரமாக நீட்டினால், ஒரு பென்சிலை எடுத்து, அதிலுள்ள ஓர் அட்டவணையை நீங்களே சரிபாருங்கள்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
கமலா
குடியாத்தம்